வேலிக்கு வெளியே ஒரு கணக்கு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

மலைமேல் புகை தெரிந்தால் அங்கே தீ உண்டு என்று கொள்வதைக் கருதல் அளவை என்று நம் முன்னோர் வழங்கினர். காட்சி, கருதல், உரை என்னும் மூன்று அளவைகளுள் இஃது இரண்டாவது. தீயைக் கண்ணால் கண்டவர் இல்லை. கண்டு வந்தவர் சொல்லக் கேட்கவும் இல்லை. புகை ஒன்றே சாட்சி. இந்தப் பழைய அளவையை மேலை நாட்டு இளைஞர் பலர் இன்று வேடிக்கையானதொரு பொருளின்மேல் செலுத்தி வருகின்றனர். பொழுதுபோக்குப் பூங்காக்களில் புதிதாகக் கட்டப்பட்டு வரும் ரோலர் கோஸ்டரே அப்பொருளாகும்.

திருவிழாத் திடலில் சுற்றும் இராட்டினத்தை நாம் அறிவோம். அதனைச் சுற்றி முடிக்கும்வரை ஏதேனும் ஒரு விசை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ரோலர் கோஸ்டர் பெரும்பாலும் அத்தகையதன்று. வண்டித் தொடரைச் சங்கிலியால் ஓர் உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுவர். அதன்பின் ஏறுவதும் இறங்குவதும் தலைகீழாகக் கவிழ்வதும் முதலில் பெற்ற உயரத்தைச் செலவழித்து நடப்பனவே. 1884-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் கோனி தீவில் லமார்கஸ் தாம்ப்சன் என்பார் அமைத்த இருப்புப்பாதை மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. கட்டணம் ஐந்து சென்ட். அங்கிருந்து தொடங்கிய இக்கலைக்குச் சங்கம் வைத்து வளர்க்கும் இரசிகர்களும் உளர். அமெரிக்க ரோலர் கோஸ்டர் ஆர்வலர் சங்கம் 1978-இல் தோன்றியது.

புதிய பாதை ஒன்றைக் கட்டத் தொடங்கும் பூங்கா நிர்வாகம் முதலில் செய்வது உயரமான வேலி ஒன்றை எழுப்புவதாகும். பெயரைச் சொல்லமாட்டார்கள், உயரத்தைச் சொல்லமாட்டார்கள், யார் செய்து தருகிறார்கள் என்பதையும் சொல்லமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதே அவர்களுக்கு விளம்பரம். வேலிக்கு வெளியே கூடும் இரசிகர்களோ இடுக்கு வழியே பார்த்தும், அடுத்த வண்டியின் உச்சியில் ஏறியபோது எட்டிப் பார்த்தும், லாரியில் வந்திறங்கும் இரும்பை எண்ணியும், உள்ளே உருவாவது யாது என்று மாதக்கணக்கில் வாதிடுகின்றனர். இந்த ஊகங்கள் எங்கே பலிக்கின்றன, எங்கே பொய்க்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முன்னரே கூறிவிடுகிறேன். கட்டுபவரை இயற்கையின் விதியோ நாட்டின் சட்டமோ கட்டிப்போட்டிருக்கும் இடத்தில் இரசிகரின் ஊகம் வியக்கத்தக்க அளவுக்குப் பலிக்கிறது. அத்தகைய கட்டு எதுவும் இல்லாத இடத்தில் ஊகம் என்ற பெயரில் ஆசைதான் பேசுகிறது.

சட்டம் தரும் சாட்சி

இங்கிலாந்தில் சரே மாவட்டத்தில் தார்ப் பார்க் என்றொரு பூங்கா இருக்கிறது. சரளைக் கல் தோண்டி எடுத்த பெரும்பள்ளங்களில் நீர் நிரம்பி உண்டான ஏரிகளுக்கு நடுவே, 1979-இல் திறக்கப்பட்டது. அங்கு ஒரு புதிய ரோலர் கோஸ்டர் அமைக்க விரும்பிய நிர்வாகம் 2022-ஆம் ஆண்டில் ரன்னிமீட் நகர்மன்றத்திடம் அனுமதி கோரி விண்ணப்பித்தது. அந்நாட்டில் கட்டட அனுமதி விண்ணப்பங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்பது சட்டம். அக்கம்பக்கத்தார் தம் வீட்டு ஜன்னலுக்கு எதிரே என்ன எழப்போகிறது என்பதை அறிந்து ஆட்சேபம் தெரிவிக்க வேண்டுமல்லவா? அதற்காக ஏற்பட்ட விதி அது. ஆனால் அந்தக் கோப்பை ஆட்சேபிப்போரைக் காட்டிலும் ஆவலோடு புரட்டியவர்கள் ரோலர் கோஸ்டர் இரசிகர்களே. வேலி எழுமுன்னரே 72 மீட்டர் உயரம் என்பதும், பாதை செல்லும் வழியும் அவர்கள் கைக்கு வந்துவிட்டன. கணிப்பொறியில் பாதையை வரைந்து ஓட்டிப் பார்க்க உதவும் நோலிமிட்ஸ் என்னும் மென்பொருள் ஒன்று உண்டு. வரைபடத்தை அதில் ஏற்றிவிட்டால், நாட்டப்படாத தூண்களின்மேல் ஓடாத வண்டியில் உட்கார்ந்து போய்வரலாம்.

அமெரிக்காவில் சட்டம் வேறொரு வகையில் கைகொடுக்கிறது. தரைமட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல், அதாவது சுமார் 61 மீட்டருக்கு மேல், எந்தக் கட்டுமானம் எழுந்தாலும் வான்வழிப் போக்குவரத்துத் துறைக்கு முன்னறிவிப்புத் தரவேண்டும். விமானத்தின் பாதுகாப்புக்காக ஏற்பட்ட விதி, பூங்காவின் இரகசியத்தை அவிழ்த்துவிடுகிறது. இவ்வாறே புதிய பெயருக்கு வணிக முத்திரை கோரும் விண்ணப்பங்களும் பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன.

இனி, மண்ணில் கிடைக்கும் சாட்சிகள். தூண் நாட்டுவதற்கான கான்கிரீட் அடித்தளங்களும் அவற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணிகளும் முதலில் தென்படும். சிறிய அடித்தளங்கள் வரிசையாக வந்து ஓரிடத்தில் மட்டும் பெரும் அடித்தளம் தோன்றினால், அங்கு வண்டி பெருவேகத்தில் திரும்பிப் பெரும் விசையைத் தூண்மேல் இறக்கும் என்று கொள்ளலாம். அடுத்து, இரும்புப் பாதைத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் வரிசை எண் எழுதப்பட்டிருக்கும். இவற்றின் வடிவமே செய்தவர் யார் என்று கூறிவிடும். சுவிட்சர்லாந்தின் பாலிகர் அண்டு மபிலார்டு நிறுவனத்தார் தண்டவாளத்துக்கு அடியில் சதுரப் பெட்டி போன்ற உள்ளீடற்ற முதுகுத்தண்டு ஒன்றை வைப்பார்கள். அதனால் அவர்களது வண்டி ஓடும்போது ஒரு முழக்கம் எழும். அம்முழக்கத்தைக் குறைக்கச் சில இடங்களில் தண்டுக்குள் மணலை நிரப்புவதும் உண்டு. நெல்லின் முனையைப் பார்த்து இரகம் சொல்லும் விவசாயியைப்போல், இரும்பின் குறுக்குவெட்டைப் பார்த்து ஊர் சொல்பவர்கள் இவ்விரசிகர்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, ஒஹையோ மாநிலத்தில் ஏரி ஓரமாக அமைந்த சீடர் பாயிண்ட் பூங்காவில் நிகழ்ந்தது. 1991-இல் திறக்கப்பட்ட மீன் ஸ்ட்ரீக் என்னும் மரத்தாலான ரோலர் கோஸ்டரை 2016 செப்டம்பரில் மூடினார்கள். மூடினோம் என்று சொன்னார்களேயன்றி, ஏன் என்று கூறவில்லை. மரச்சட்டகத்தை இடிக்கவும் இல்லை. சில மாதங்களில் பழைய மரத்தின்மேல் இரும்புப் பாதை ஏறத் தொடங்கியது. அது ஐடஹோ மாநிலத்து ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்தாருக்கே உரிய பாதை வடிவம். பழைய மரப்பாதைகளை வாங்கி இரும்பு பூட்டிப் புதுப்பித்துத் தருவது அவர்களது தொழில். ஏரிக்கரையிலிருந்து நோக்கியவர் எவர்க்கும் இதில் ஐயம் இருந்திருக்க முடியாது. ஆயினும் நிர்வாகம் 2017 ஆகஸ்டு வரை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை! ஸ்டீல் வெஞ்சன்ஸ் என்ற பெயரில் 2018 மே 5 அன்று திறக்கப்பட்ட அதன் உயரம் 62 மீட்டர். பழையதன் உயரம் 49 மீட்டர்.

ஒரு வர்க்கமூலம்

உயரம் தெரிந்துவிட்டால் வேகத்தைச் சொல்வது நம் முதலாண்டுப் பாடம். உச்சியில் இருந்த நிலையாற்றல் முழுவதும் அடியில் இயக்க ஆற்றலாக மாறுகிறது. இருபுறமும் நிறை இருப்பதால் அது நீங்கிவிடுகிறது. எஞ்சுவது யாதெனில், வேகத்தின் வர்க்கம் என்பது புவியீர்ப்பு முடுக்கத்தையும் இறங்கும் உயரத்தையும் பெருக்கிய தொகையின் இரு மடங்கு என்பதே.

தார்ப் பார்க்கின் 72 மீட்டரை இதில் இட்டுப் பார்ப்போம். 2 × 9.8 × 72 = 1411. இதன் வர்க்கமூலம் 37.6. விநாடிக்கு 37.6 மீட்டர் என்பது மணிக்கு 135 கிலோமீட்டர் ஆகும். எனவே நிர்வாகம் எதை அறிவித்தாலும் 135-ஐத் தாண்டி அறிவிக்க முடியாது என்று வரைபடம் வெளியான அன்றே ஒருவர் கூறிவிடலாம். ஹைப்பீரியா என்ற பெயருடன் அது 2024 மே 24 அன்று திறக்கப்பட்டபோது அறிவிக்கப்பட்ட வேகம் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர்.

அந்த ஐந்து கிலோமீட்டர் எங்கே போயிற்று? கணக்கைத் திருப்பிப் போட்டால், 130 கிலோமீட்டர் வேகத்துக்கு 66.5 மீட்டர் உயரமே போதும். ஆக ஐந்தரை மீட்டர் உயரத்தின் பயன் வேகத்தில் சேரவில்லை. ஒரு பகுதி, பாதை தரையைத் தொடாமல் சற்று மேலேயே வளைந்துவிடுவதால் நேர்வது. மறுபகுதியைச் சக்கரங்களின் உராய்வும் காற்றின் தடையும் தின்றுவிடுகின்றன. உச்சியைக் கடக்கும்போது வண்டிக்கு இருக்கும் சிறுவேகம் இதில் கொஞ்சத்தை ஈடுசெய்யும். இந்த அளவுக்குச் சொல்ல முடிவதே பெரிய காரியம் என்பேன்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பிரிட்டிஷ் வரைபடங்களில் உயரங்கள் கடல்மட்டத்திலிருந்து குறிக்கப்படுவது வழக்கம். தரையின் மட்டத்தைக் கழிக்க மறந்தவர் இல்லாத உயரத்தைக் கண்டு துள்ளிக் குதிப்பார். விளம்பரக்காரர்கள் இதனை வேண்டுமென்றே செய்ததும் உண்டு. பிளாக்பூல் கடற்கரையில் 1994-இல் திறக்கப்பட்ட பிக் ஒன் என்னும் ரோலர் கோஸ்டருக்கு 235 அடி என்று விளம்பரம் செய்தார்கள். அது கடல்மட்டத்துக்கு மேலான உயரம்! தரையிலிருந்து அளந்தால் 213 அடிதான். இருபத்திரண்டு அடியைக் கடவுள் தந்த நிலத்திடம் கடன் வாங்கிக்கொண்டார்கள். அப்படியிருந்தும் பிரிட்டனில் மிக உயர்ந்தது என்ற பெருமை ஹைப்பீரியா வரும்வரை முப்பது ஆண்டுகள் அதனிடமே இருந்தது.

இதே வர்க்கமூலம் வேறொரு வகையிலும் பயன்படும். சவூதி அரேபியாவின் கித்தியா நகரில் ஃபால்கன்ஸ் ஃபிளைட் என்னும் ரோலர் கோஸ்டர் அமையவிருப்பதாக 2019-இல் அறிவிப்பு வெளியானது. 2025-ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்படும்வரை இரசிகர்கள் அதைப் பற்றிப் பேசியதற்கு அளவே இல்லை. கட்டுமானக் காலத்தில் அறிவிக்கப்பட்ட உயரம் 195 மீட்டர். வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர். கணக்குப் போட்டால், உராய்வே இல்லாத உலகத்திலும் 195 மீட்டரிலிருந்து விழும் பொருளின் வேகம் 223 கிலோமீட்டரைத் தாண்டாது. 250 வேண்டுமெனில் 246 மீட்டர் உயரம் தேவை. ஆக, புவியீர்ப்பு மட்டும் இதைச் செய்யவில்லை; வேறொரு விசை பின்னால் நின்று தள்ளுகிறது என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடுகிறது. உண்மையும் அதுவே. பாதையோரம் பதித்த மின்காந்த மோட்டார்கள் அவ்வண்டியை உந்துகின்றன. பாலைவனத்தை நேரில் காணாதவரும் இருந்த இடத்திலிருந்தே இதனைக் கூறலாம்.

மேட்டின் வளைவு

வேகத்தைவிட இரசிகர்கள் விரும்புவது வேறொன்று. மேட்டின் உச்சியைக் கடக்கையில் உடல் இருக்கையை விட்டு எழும்பும் அந்தக் கணம். ஒரு மேட்டில் அது நிகழுமா என்பதை வரைபடத்தைக் கொண்டே எங்ஙனம் அறிவது?

மேட்டின் உச்சியை ஒரு வட்டத்தின் வில்லாகக் கொள்வோம். வண்டி அவ்வில்லில் செல்ல மையநோக்கு விசை தேவை. அவ்விசையைத் தரவல்லது அங்கே எடை ஒன்றுதான். எடை போதாத அளவுக்கு வேகம் மிகுந்தால் உடல் எழும்பும். எல்லை நிலையில், வேகத்தின் வர்க்கம், வளைவின் ஆரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கிய தொகைக்குச் சமம். இனி அந்த வேகம் எங்கிருந்து வந்தது? முதல் உச்சியிலிருந்து இந்த மேட்டுக்கு இறங்கிய உயரத்திலிருந்து. முன் கண்ட சமன்பாட்டை இங்கே பொருத்தினால் புவியீர்ப்பு முடுக்கம் இருபுறமும் நீங்கிவிடுகிறது. எஞ்சுவது இவ்வளவே: மேட்டின் வளைவு ஆரம், இறங்கிய உயரத்தின் இரு மடங்குக்குக் குறைவாயின் பயணி எழும்புவார்.

எடுத்துக்காட்டாக, முதல் உச்சி 72 மீட்டரும் இரண்டாம் மேடு 40 மீட்டரும் ஆயின், இறக்கம் 32 மீட்டர். இரண்டாம் மேட்டின் ஆரம் 64 மீட்டருக்குக் குறைந்திருந்தால் போதும். இதற்கு வண்டியின் நிறை வேண்டாம், வேகம் வேண்டாம். ஓர் அடிக்கோலும் காம்பஸும் இருந்தால் வரைபடத்தின்மேலேயே அளந்துவிடலாம். நிலவில் கட்டினாலும் இதே விதிதான்! வகுப்பில் இச்சமன்பாடுகளைத் தனித்தனியே படித்தபோது இரண்டையும் சேர்த்தால் இவ்வளவு எளிய விடை கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியதில்லை. உராய்வைக் கணக்கில் சேர்த்தால் ஆரம் இன்னும் சற்றுக் குறைய வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மண்ணுக்குள் மறைத்த உயரம்

ஸ்டாஃபோர்டுஷையரில் உள்ள ஆல்டன் டவர்ஸ் பூங்காவின் வரலாறு இத்துறையில் தனி அத்தியாயம். பழைய மாளிகை ஒன்றைச் சுற்றிய தோட்டங்களும் காடும் சூழ்ந்த இடமாதலின், மரங்களின் தலைக்கு மேல் எதுவும் எழக்கூடாது என்பது அங்குள்ள கட்டுப்பாடு. புதிய திட்டங்களுக்கு இரகசிய ஆயுதம் என்று பெயரிட்டு எண் தருவது அவர்கள் மரபு. முதல் இரண்டு ஆயுதங்கள் காகிதத்தோடு நின்றன. மூன்றாவதே 1994-இல் திறக்கப்பட்ட நெமசிஸ். ஜான் வார்ட்லி என்னும் வடிவமைப்பாளரின் யோசனையில் எழுந்தது. மேலே போகக்கூடாது என்றால் கீழே போவோம் என்று பாறையை வெடிவைத்துத் தகர்த்துப் பள்ளம் தோண்டினார்கள். தரைக்கு மேல் சுமார் 13 மீட்டரே தெரியும். மொத்த இறக்கமோ சுமார் 32 மீட்டர். வேலிக்கு வெளியே நின்று தூணின் உயரத்தை மட்டும் கண்டவர், இதனைச் சிறுவர் விளையாட்டு என்றே எண்ணியிருப்பார். பாதைக்குக் கீழே பயணியைத் தொங்கவிட்டு ஓடும் இவ்வகை வண்டியை அமைத்த அதே சுவிஸ் நிறுவனமே, 2024 டிசம்பரில் சென்னையை அடுத்துத் திறக்கப்பட்ட வொண்டர்லாவின் தஞ்சோரா வண்டியையும் அமைத்தது என்பதை நம் மாணவர்கள் அறிந்து வைத்துக்கொள்வது நன்று.

நான்காம் ஆயுதமாகிய ஆப்ளிவியன் 1998-இல் வந்தது. தரைக்கு மேல் 20 மீட்டர். இறக்கம் சுமார் 55 மீட்டர். பெரும்பகுதி இருண்ட குழிக்குள். செங்குத்து என்று விளம்பரம் செய்யப்பட்ட அவ்விறக்கத்தின் கோணம் உண்மையில் 87.5 பாகை. இரண்டரைப் பாகைக்காக நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆறாம் ஆயுதத்தில்தான் ஊகம் சறுக்கியது. 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட தர்ட்டீன், அதாவது பதின்மூன்று, என்னும் ரோலர் கோஸ்டர் அது. திறக்குமுன் செய்த விளம்பரம் முழுவதும் அச்சத்தையே பேசியது. இதுவரை காணாத ஒன்று என்றார்கள். இரசிகர்களின் கற்பனை கட்டறுத்து ஓடியது. ஆனால் உயரம் 20 மீட்டர்! வர்க்கமூலம் போட்டால் மணிக்கு 71 கிலோமீட்டருக்கு மேல் வாய்ப்பே இல்லை. அறிவிக்கப்பட்ட வேகமும் 68-தான். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் வந்த ஆப்ளிவியனின் 110-க்கு முன் இது எம்மாத்திரம்? இரகசியம் ஒன்று இருந்தது உண்மையே. மூடிய கட்டடத்தின் இருளுக்குள் வண்டி நின்றவுடன் தண்டவாளத்தோடு சேர்ந்து சுமார் ஐந்து மீட்டர் கீழே விழும். ஐந்து மீட்டர் விழ ஒரு விநாடி ஆகும். புதுமையான பொறியியல், ஐயமில்லை. குடும்பத்தோடு சென்று மகிழத்தக்க வண்டி. ஆனால் உயிரை உலுக்கும் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருந்தவர்கள் ஏமாந்து திரும்பினர். உயரம் என்ன சொல்கிறது என்பதைக் கேட்காமல், விளம்பரம் என்ன சொல்லக்கூடும் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தவர்களின் ஏமாற்றம் அது. மூடிய கட்டடத்துக்குள் என்ன வைக்க வேண்டும் என்று கட்டுபவருக்கு எந்த விதியும் ஆணையிடுவதில்லை. அங்கே தலையிட்டுச் சோதிடம் சொன்னவர்கள் தோற்றது இயல்பே. பெயர் விஷயத்திலும் இப்படித்தான். தார்ப் பார்க்கின் திட்டப் பெயர் எக்ஸோடஸ். இறுதிப் பெயராகிய ஹைப்பீரியாவை அதிலிருந்து எந்தக் கணக்கும் வருவித்திருக்க முடியாது.

காலி வண்டி

கட்டி முடிந்தபின் சோதனை ஓட்டம் தொடங்கும். முதலில் காலி வண்டி. பிறகு இருக்கைகளில் மனித உருவ நீர்ப்பைகளை வைத்து ஓட்டுவர். இப்போதுதான் இரசிகர்கள் கடிகாரத்தை எடுக்கின்றனர். 12 மீட்டர் நீளமுள்ள தொடர் ஒரு தூணைக் கடக்க 0.4 விநாடி எடுத்தால் அதன் வேகம் விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர். ஆனால் கைப்பிழையால் 0.5 என்று குறித்துவிட்டால் விடை 86 ஆகிவிடும். நம் செய்முறைத் தேர்வில் பிழை விழுக்காடு எழுதச் சொல்வதன் அருமை இங்கே புலனாகும். விநாடிக்கு 50 படங்கள் எடுக்கும் காமிராவானால் இருபது படங்களில் ஒன்றே பிழையாகும். ஐந்து விழுக்காட்டோடு தப்பலாம்.

இந்தச் சோதனைகளில் சில நேரம் வண்டி அடுத்த மேட்டை ஏற மாட்டாமல் பின்னோக்கி வந்து, முன்னும் பின்னும் ஊசலாடி, பள்ளத்தில் நின்றுவிடுவது உண்டு. வேலிக்கு வெளியே நிற்பவர்க்கு அது ஒரு வேடிக்கை. ஒரு வாரம் பேசப் போதுமான செய்தி. இங்கே நாம் முன்பு எளிதாக நீக்கிவிட்ட நிறை, மீண்டும் வந்து நிற்கிறது. காற்று இல்லாத பாடப் புத்தகத்தில் காலி வண்டிக்கும் நிறைந்த வண்டிக்கும் வேறுபாடு இல்லை. எதிர்க்காற்றின் தடையோ வண்டியின் வடிவத்தையும் வேகத்தையும் பொறுத்தது. உள்ளே ஆள் இருப்பதும் இல்லாததும் அதற்குப் பெரிதாகத் தெரியாது. ஒரே தடை, கனமான வண்டியைச் சிறிதளவும் இலேசான வண்டியைப் பெரிதும் தளர்த்துகிறது. ஆகவே காற்று வீசும் நாளில் நின்றுபோகக்கூடியது காலி வண்டியே.

ஆல்டன் டவர்ஸில் 2013-இல் திறக்கப்பட்ட ஸ்மைலர், பதினான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து உலகச் சாதனை படைத்தது. எத்தனை கவிழ்ப்பு என்பதைத் திறக்குமுன் எண்ணி எண்ணி வாதிட்டார்கள். 2015 ஜூன் 2 அன்று அங்கே காற்று பலமாக வீசியது; வண்டியைச் செய்தவர்கள் குறித்துத் தந்த வரம்பைத் தாண்டிய காற்று என்று பின்னர் நீதிமன்றத்தில் கூறப்பட்டது. சோதனைக்காக அனுப்பிய காலி வண்டி பள்ளத்தில் நின்றுவிட்டது. அடுத்து பதினாறு பேருடன் புறப்பட்ட வண்டியைக் கணிப்பொறி தானாகவே நிறுத்தியது. முன்னே பாதையில் ஒரு வண்டி இருக்கிறது என்று அது அறிந்திருந்தது. பணியிலிருந்த பொறியாளர்களோ பாதை காலியாகவே இருக்கிறது, கணிப்பொறிதான் தவறிழைக்கிறது என்று கருதினர். தடையை நீக்கி வண்டியை விட்டனர். மோதலில் ஐவர் கடுங்காயமுற்றனர். அவர்களுள் இரு இளம்பெண்கள் தலைக்கு ஒரு காலை இழந்தனர்.

வேலிக்கு வெளியே நிற்பவரும் ஊகித்தார். இயக்கு அறையில் நின்றவரும் ஊகித்தார். முன்னவர் ஊகம் பொய்த்தால் நண்பர்களின் கேலியோடு போகும். பின்னவர்க்குக் காட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. புகையைக் கொண்டு தீயைக் கருதுவது தீயைச் சென்று காண முடியாதவர்க்கு உரியது என்பதை அளவை நூலார் அறிவர். 2016 செப்டம்பரில் ஸ்டாஃபோர்டு நீதிமன்றம் நிர்வாகத்துக்கு 50 இலட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. குற்றம் அந்தச் சில பொறியாளர்களுடையது மட்டுமன்று; இத்தகைய வேளையில் செய்ய வேண்டியது யாது என்று தெளிவான முறைகளை வகுத்துத் தராத நிர்வாகத்துடையது என்பதே வழக்கின் சாரம்.

அதே ஆண்டு மார்ச்சிலேயே ஸ்மைலர் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. உயரம் மாறவில்லை, பதினான்கு கவிழ்ப்பும் மாறவில்லை. வெளியில் நின்று பார்ப்பவர்க்குப் புதிதாக எதுவும் தென்பட்டிராது. கணிப்பொறி நிறுத்திய வண்டியை இனி ஒருவர் கையால் விடவேண்டுமாயின் முன்னிலும் உயர்ந்த அதிகாரியின் அனுமதி பெற்றாக வேண்டும் என்று உள்ளே ஒரு விதி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது.